கையில் சாவி இருக்கும்போதே

பிரதோஷ வேளையில் நந்தியெம்பெருமானுக்கு அபிஷேகம் நிறைவுற்று, அலங்காரத்திற்காகத் திரையிட்டிருக்கும் அந்தக் கால்மணி நேரம்தான் எங்களைப் போன்ற முதியவர்கள் மனம்விட்டுப் பேசும் நேரம். கும்பகோணம் ஆதி கும்பேசுவரர் திருக்கோயில் மண்டபத்தில் அவரவர் தூணுக்கு அவரவர் உரிமை கொண்டாடி அமர்ந்திருப்போம். பத்தாண்டுகளுக்கு முன்பு அங்கே பேச்செல்லாம் பேரன் பேத்திகளின் படிப்பு, பெண்ணுக்கு வரன், முழங்கால் வலிக்கு எந்தத் தைலம் என்ற அளவில் இருந்தது. இப்போது யார் எதைத் தொடங்கினாலும் பேச்சு ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது. கடைசிக் காலத்தில் எங்கே இருப்பது?

எனக்கு அடுத்த தூணுக்குரியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆறாண்டுகளுக்கு முன்பு அவருடைய துணைவியார் சிவபதம் அடைந்தார். அடுத்த ஆண்டே, கோயிலுக்கு அருகில் தாம் கட்டிய வீட்டை ஒரே மகனுக்குச் செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்துவிட்டார். மகன் பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறார். தந்தையிடம் பிரியம் உள்ளவர். குற்றம் சொல்ல எதுவுமில்லை. ஐப்பசி மாதப் பிரதோஷத்தன்று தலைமையாசிரியர் என்னருகே நகர்ந்து அமர்ந்து, மெல்லிய குரலில் கேட்டார்.

"சார், நீங்கள் பேங்கில் இருந்தவர். இந்த வீட்டை விற்று, அந்தப் பணத்தில் ஒரு முதியோர் குடியிருப்பில் எனக்கென்று ஓர் அறை வாங்கிக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். பையன் பெங்களூருக்கு வந்துவிடச் சொல்கிறான். பதினான்காம் மாடி. எனக்குப் பிடிபடவில்லை. என்ன சொல்கிறீர்கள்?"

"பத்திரம் இப்போது யார் பெயரில் இருக்கிறது, ஐயா?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. நந்தியின் முன்னிருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்து, "அவன்தான் விற்கப் போகிறானாம். தையில் ஆள் வருகிறார்களாம்" என்றார்.

முப்பத்தாறு ஆண்டுகள் வங்கிப் பணியில் எத்தனையோ பத்திரங்களைப் புரட்டியிருக்கிறேன். வில்லங்கம் இருக்கிறதா, மூலப்பத்திரம் சரியா என்று பார்ப்பேனே தவிர, எழுதிக் கொடுத்தவர் அதன்பின் எங்கே படுத்து உறங்கினார் என்று யோசித்ததில்லை. அன்றிரவு உறக்கம் வரவில்லை. மகாபாரதத்தில் ஆசிரமவாசிக பருவம் நினைவுக்கு வந்தது.

உபன்யாசங்களில் யுத்தம் முடிந்து பட்டாபிஷேகம் ஆனதும் பெரும்பாலும் மங்களம் பாடிவிடுகிறார்கள். அதற்குப் பின்னர்தான் நம் வயதினருக்கான கதையே இருக்கிறது. போர் முடிந்தபின் திருதராஷ்டிரன் பதினைந்து ஆண்டுகள் தம்பி மகனாகிய தருமபுத்திரரின் ஆதரவில் அஸ்தினாபுரத்திலேயே வாழ்கிறான். தருமர் ஒரு குறையும் வைக்கவில்லை. உணவு, உடை, உபசாரம் எல்லாம் முன்போலவே நடக்கின்றன. ஆயினும் பீமன் அவ்வப்போது, கிழவர் காதில் விழும்படியாகவே, தன் புஜங்களைத் தட்டிக்கொண்டு அவர் பிள்ளைகளைக் கொன்ற கதையைச் சொல்கிறான். தருமருக்கு இது தெரியாது. இறுதியில் கானகம் செல்ல முடிவெடுத்த திருதராஷ்டிரன், பீஷ்மருக்கும் துரோணருக்கும் மாண்ட தன் மக்களுக்கும் சிராத்தம் செய்யப் பொருள் வேண்டுமென்று விதுரர் மூலமாகக் கேட்டனுப்புகிறான். பீமன் கொடுக்கக் கூடாது என்கிறான். அர்ச்சுனன் சமாதானம் சொல்ல, தருமர் தம் பொக்கிஷத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி சொல்லியனுப்புகிறார்.

ஒரு நாட்டையே ஆண்டவன், பிள்ளைகளுக்குத் திதி கொடுக்கவும் இன்னொருவர் கையை எதிர்பார்த்து நிற்கிறான். கொடுத்தவர் தருமரே ஆனாலும் கேட்டது கேட்டதுதான். வங்கியிலிருந்தவனுக்கு இந்த இடம் தைத்ததில் வியப்பில்லை. தருமரைப் போன்ற பிள்ளைகளே நம் எல்லோருக்கும் வாய்த்தாலும், நம் பெயரில் ஏதாவது இருந்தால்தான் எங்கே இருப்பது என்ற கேள்விக்கு நாம் பதில் சொல்ல முடியும். இல்லையேல் பதிலை வேறொருவர் சொல்வார், அன்போடுதான் சொல்வார்.

செட்டில்மென்ட்டுக்கும் உயிலுக்கும் உள்ள வேறுபாட்டைப் படித்தவர்களே குழப்பிக்கொள்கிறார்கள். உயில் நம் காலத்திற்குப் பின்பே உயிர் பெறும். நாம் இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும்; பதிவு கட்டாயமில்லை, செய்துவிட்டால் பின்னால் சச்சரவு குறையும். செட்டில்மென்ட் அப்படியன்று. பதிவாகிச் சொத்து ஒப்படைக்கப்பட்டதும் வீடு அவர்களுடையது. மனம் மாறினால் நாம் மட்டும் போய் ரத்து செய்துவிட முடியாது. குடும்பத்தாருக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு நம் மாநிலத்தில் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு உண்டு, செலவு குறைவு. அதனாலேயே, "இப்போதே எழுதிவிட்டால் பிற்பாடு தொல்லையில்லை" என்ற யோசனை எல்லா வீடுகளிலும் எழுகிறது. எழுதித்தான் ஆகவேண்டுமென்றால், ஆயுட்காலம் முழுவதும் வீட்டில் வசிக்கவும் வாடகையை அனுபவிக்கவும் உள்ள உரிமையைத் தமக்கும் தம் துணைக்கும் நிறுத்திக்கொண்டு எழுதலாம். பத்திர எழுத்தர்கள் கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் எழுதமாட்டார்கள்.

எழுதிக் கொடுத்து ஏமாந்தவர்களுக்கு 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. அதன் 23-ஆம் பிரிவின்படி, தமக்கு வேண்டிய அடிப்படை வசதிகளைச் செய்து தரவேண்டும் என்ற நிபந்தனையோடு 60 வயது கடந்த ஒருவர் சொத்தை எழுதிக் கொடுத்து, பெற்றவர் அதைச் செய்யத் தவறினால், அந்தப் பத்திரம் செல்லாதென்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். அந்த நிபந்தனை பத்திரத்தில் இருக்கிறதா என்பதில்தான் சிக்கல். நிபந்தனை இருந்ததென்று காட்டினாலொழிய இந்தப் பிரிவு உதவாது என்று 2022-இல் உச்சநீதிமன்றம் கூறியது. முதியோருக்கு நன்மை செய்யவே இச்சட்டம் பிறந்தது, அதைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு கூறியது. அன்பினாலும் பாசத்தினாலும் எழுதிக் கொடுப்பதிலேயே பராமரிப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு அடங்கியிருக்கிறது என்னும் கருத்தைச் சென்னை உயர்நீதிமன்றமும் அதே ஆண்டில் வெளியிட்டது. நீதிமன்றங்கள் நம் பக்கம் சாய்வது மகிழ்ச்சிதான். ஆனால் எழுபத்தைந்து வயதில் நீதிமன்றப் படியேறுவதைவிட, பத்திரத்தில் ஒரு வரி கூட்டி எழுதுவது எளிது.

இந்தச் சட்டப்படி மனுவை வருவாய்க் கோட்டாட்சியரிடம் தரவேண்டும். வழக்கறிஞர் அவசியமில்லை, வெள்ளைத்தாளில் நாமே எழுதிக் கொடுக்கலாம், நம் சார்பாக மற்றவரும் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆதரவற்ற முதியோருக்கு மாவட்டத்திற்கு ஓர் இல்லமாவது, குறைந்தது 150 பேர் தங்கும்படி அமைக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. எத்தனை மாவட்டங்களில் நாம் அதைக் கண்ணால் கண்டிருக்கிறோம் என்பது வேறு கதை.

எங்கே இருப்பது என்ற கேள்வியைச் சென்ற தை மாதம் எங்கள் வீட்டிலும் எதிர்கொள்ள நேர்ந்தது. என் இல்லாள் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. புனேயிலிருந்து மகன் பறந்து வந்தான். "இனி உங்களைத் தனியே விடமாட்டேன்" என்றான். மாவுக்கட்டுடன் இருந்த அவள், "முதலில் குளியலறைக்கு ஒரு கைப்பிடி போடு" என்றாள். போட்டோம். வழுக்காத தரை, உயரமான கழிவறை, படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு என்று எல்லாவற்றிற்குமாக ஆன செலவு, மகனுடைய மூன்று விமானப் பயணச் செலவுக்குள் அடங்கிவிட்டது. பலருக்கு இந்த முதல் வழியே இன்னும் பல ஆண்டுகளுக்குப் போதுமென்று எண்ணுகிறேன். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இயன்முறைப் பயிற்சியும் உண்டு. 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை கட்டணமின்றி அழைக்கலாம். அதைத் தொலைபேசிக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

சொந்த வீட்டில் இருக்கவேண்டும், கையில் பணம் இல்லை என்பவர்களுக்காக 2007-08 மத்திய பட்ஜெட்டில் ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்னும் கடனை அறிவித்தார்கள். வீட்டை அடமானமாக ஏற்று, வங்கி நமக்கு மாதந்தோறும் தொகை தரும். நம் ஆயுள் உள்ளவரை திருப்பிக் கட்டவேண்டாம். கணவன் மனைவி இருவரும் காலமான பின்பு வாரிசுகள் கடனைக் கட்டி வீட்டை மீட்கலாம். இல்லையேல் வங்கி விற்று, கடன்போக மீதியை அவர்களிடம் தரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் என் பணிக்காலத்தில் இதைக் கேட்டு வந்தவர்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். "பிள்ளைக்குக் கடன் வைத்துவிட்டுப் போவதா?" என்று பாதியில் எழுந்து போனவர்களே மிகுதி. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளவேண்டும். இது அந்த வீட்டிலேயே வசிப்பவர்களுக்கான கடன். நிரந்தரமாக வேறிடம் குடிபெயர்ந்தால் கடன் முடிவுக்கு வந்துவிடும். ஆகவே முதியோர் குடியிருப்புக்குப் போகும் எண்ணமுள்ளவர்களுக்கு இது பொருந்தாது.

அந்தக் குடியிருப்புகளைப் பார்க்க நானும் அவளும் ஆனியில் கோயம்புத்தூர் சென்றோம். தமிழகத்தில் இவை மிகுதியாக எழுந்திருப்பது அங்கேதான்; வடவள்ளி, தொண்டாமுத்தூர்ப் பக்கமெல்லாம் பெயர்ப்பலகைகளைக் காணலாம். பேரூர்ப் பட்டீசுவரரைச் சேவித்துவிட்டு, மூன்று இடங்களுக்குப் போனோம். எங்கும் அன்பாகவே வரவேற்றார்கள். சைவ உணவு, நடைபாதை, நூலகம், அழைத்தால் வரும் செவிலியர், வளாகத்திலேயே பிள்ளையார் கோயில். ஓரிடத்தில் நீச்சல்குளத்தைப் பெருமையோடு காட்டினார்கள். பிள்ளையார் சந்நிதிக்கு ஐந்து படிகள் இருந்தன, கைப்பிடி இல்லை. என் இல்லாள் கட்டுப்பிரித்த கையைத் தடவிக்கொண்டே அந்தப் படிகளைப் பார்த்தாள். நான் ஒப்பந்தத்தைக் கேட்டேன்.

வண்ணப் புத்தகத்தை உடனே தந்தவர்கள் ஒப்பந்தத்தின் நகலைத் தரத் தயங்கினார்கள். கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். பணம் கட்டும் முறையில் மூன்று வகை உண்டு. சிலவற்றில் வீட்டை விலைக்கே வாங்குகிறோம். மனையில் நமக்குரிய பங்கோடு கிரயம் பதிவாகும். சிலவற்றில் பெருந்தொகையை டெபாசிட்டாகக் கட்டி ஆயுள்வரை தங்குகிறோம். பெயரில் எதுவும் வராது, போகும்போது ஒரு பகுதி கழித்துக்கொண்டு மீதி வரும். இன்னும் சில வெறும் மாத வாடகை. விலைக்கு வாங்குவதே பாதுகாப்பு என்று முதலில் நானும் நினைத்தேன். ஆனால் அதை நமக்குப் பின் பிள்ளைகள் விற்கும்போதும் 55 வயது கடந்தவருக்கே விற்கலாம், நிர்வாகத்திற்கு மாற்றுக் கட்டணம் தரவேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் இருக்கின்றன. அதுவரை பூட்டிக் கிடந்தாலும் மாதப் பராமரிப்புத் தொகையைக் கட்டிக்கொண்டே இருக்கவேண்டும். டெபாசிட் முறையிலோ, இறந்த எத்தனை நாளில் பணம் வாரிசு கைக்கு வரும் என்பதைப் பார்க்கவேண்டும். நான் படித்த ஒன்றில், அந்த அறைக்கு வேறொருவர் வந்த பின்பு என்றிருந்தது. வேறொருவர் எப்போது வருவார் என்று யாருக்குத் தெரியும்?

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது பன்னிரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வாக்கியம். தம் அன்றாடக் காரியங்களைத் தாமே செய்துகொள்ள இயலாத நிலையை அடையும் குடியிருப்பாளர், தகுந்த வேறிடத்திற்கு மாற ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். எதற்கு அஞ்சி நாம் அங்கே போகிறோமோ, அது வந்தவுடன் அங்கிருந்து வெளியேற வேண்டும். நடமாடுவோருக்கான குடியிருப்பு வேறு. படுக்கையில் விழுந்தவர்களையும் நினைவு தவறியவர்களையும் கவனிக்கும் இல்லம் வேறு. சில இடங்களில் இரண்டும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அங்கும் அதற்குத் தனிக் கட்டணம். கணவனுக்கு மட்டும் அந்தப் பராமரிப்பு தேவைப்பட்டால் மனைவி முன்பிருந்த வீட்டிலேயே இருக்கலாமா, இரண்டு கட்டணமா என்று நான் கேட்டேன். மேலாளர், "அந்த நிலை வரும்போது பார்த்துக்கொள்ளலாம், சார்" என்றார். கடன் விண்ணப்பத்தில் ஒருவர் இப்படிப் பதில் எழுதியிருந்தால் நான் கையெழுத்திட்டிருக்க மாட்டேன்.

கட்டணக் கணக்கையும் போட்டுப் பார்க்கவேண்டும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீத வட்டி என்று கொண்டால் மாதத்திற்கு 20,500 ரூபாய் ஆகிறது. ஐந்தாண்டுகளுக்கு அந்தத் தொகை ஒரு ரூபாய்கூட ஏறாது. குடியிருப்பின் உணவுக்கும் பராமரிப்புக்குமான கட்டணமோ ஆண்டுதோறும் ஏறும். இன்று இருவருக்கும் 25,000 என்று வைத்து, ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறுவதாகக் கணக்கிட்டால், ஒன்பதே ஆண்டுகளில் 50,000 ஆகிவிடும். எழுபதில் குடியேறுபவர் எழுபத்தொன்பதில் அதைக் கட்டியாக வேண்டும். அந்த வயதில் வெளியேறி எங்கே போவது? ஆகவே சொந்த வீட்டை விற்ற பணம் முழுவதையும் குடியிருப்பில் முடக்கிவிடாமல், ஒரு பகுதியை இந்த ஏற்றத்திற்கென்று ஒதுக்கிவைப்பது நல்லது.

கட்டி முடியாத திட்டமென்றால் தமிழ்நாடு கட்டிட மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கவேண்டும். ஓய்வு இல்லங்களுக்கென மத்திய அரசு 2019-இல் மாதிரி நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. கட்டுபவர், வாங்குபவர், சேவை நடத்துபவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் செய்யவேண்டும் என்று அது கூறுகிறது. கட்டியவர் விற்றுவிட்டுப் போனபின் சமையலுக்கும் செவிலியருக்கும் யார் பொறுப்பு என்பது அப்போதுதான் விளங்கும். பணம் கட்டுமுன் ஒரு மாதமாவது வாடகைக்குத் தங்கிப் பார்ப்பது இன்னும் சிறந்தது. மார்கழியில் போகவேண்டாம். பஜனையும் பொங்கலுமாக எல்லா இடமும் அப்போது வைகுண்டமாகத்தான் தெரியும். சித்திரை வெயிலில், தண்ணீர்ப் பஞ்சத்தில் போய்ப் பார்க்கவேண்டும்.

வசதியற்றவர்களுக்கு வழி குறுகியதுதான். ஆனாலும் இல்லாமல் போகவில்லை. 1978-இல் சாவித்திரி வைத்தி அம்மையார் சென்னையில் தொடங்கிய விஸ்ராந்தி, ஆதரவற்ற முதியோரைக் கட்டணமின்றித் தாங்கிய முன்னோடி இல்லம். அந்தக் காலத்தில் முதியோர் இல்லம் என்ற சொல்லே வீடுகளில் உச்சரிக்கத்தகாத சொல்லாக இருந்தது. இன்றும் பல வீடுகளில் அப்படித்தான். "பிள்ளை இருக்கும்போது ஹோமுக்கா?" என்று கேட்பவர்களிடம் குந்திதேவியின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். திருதராஷ்டிரன் புறப்பட்டபோது, கண்களைக் கட்டிக்கொண்ட காந்தாரி குந்தியின் தோளில் கைவைத்தும், அவன் காந்தாரியின் தோளில் கைவைத்தும் நடந்ததாகப் பாரதம் சொல்கிறது. முன்னே நடந்த குந்திக்கு என்ன குறை? அவளுடைய மைந்தர்கள்தானே அரசாள்கிறார்கள்? தருமர் அழுது தடுக்கிறார், பீமன் கெஞ்சுகிறான். அவள் திரும்பவில்லை. அவளை யாரும் அனுப்பவில்லை. தானே முடிவெடுத்து நடந்தாள்.

நாங்கள் இன்னும் எங்கேயும் பணம் கட்டவில்லை. படுக்கையிலிருப்பவர்களையும் கவனிக்கும் ஓரிடத்தில் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறோம். வீடு எங்கள் இருவர் பெயரிலும் அப்படியே இருக்கிறது; உயில்களை எழுதிப் பதிவு செய்துவிட்டோம். கோயிலுக்கு நடந்து போக முடிகிறவரை இங்கே இருப்பதென்று பேச்சு. அவள் ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறாள். போகும் இடத்தில் வாசலில் கோலம் போட இரண்டடி மண் வேண்டுமாம். எந்த ஒப்பந்தத்திலும் அதை நான் பார்க்கவில்லை.

தலைமையாசிரியரிடம் கோட்டாட்சியர், மனு என்றெல்லாம் நான் சொன்னபோது அவர் காதைப் பொத்திக்கொண்டார். "என் பிள்ளைமேல் நான் மனுப் போடுவதா? அவன் என்ன தப்பு செய்தான்?" என்றார். உண்மைதான், மகன் ஒரு தவறும் செய்யவில்லை, அதனால் எந்தச் சட்டமும் அங்கே நுழைய இடமில்லை. நானும் அவருமாக ஒரு கடிதம் எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூன்று முறை கிழித்தார். நான்காவதில், "எனக்கு இங்கேயே இருக்கவேண்டும், தம்பி. காலையில் கோயில் மணி கேட்கவேண்டும்" என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை. இதைத் தம் மகனிடம் அவர் ஒருமுறையும் வாய்விட்டுச் சொன்னதில்லையாம்.

மகன் கார்த்திகைத் தீபத்திற்கு வந்திருந்தார். திண்ணையில் அமர்ந்து, "அப்பா, தனியாக இருக்கக் கஷ்டப்படுகிறீர்கள் என்றுதான் நினைத்தேன்" என்றாராம். வீட்டை வாங்க வந்தவர்களிடம் சித்திரை வரை தவணை கேட்டிருக்கிறார். தந்தைக்கு ஆயுள்கால வசிப்புரிமை எழுதித் தரும் பத்திரத்தின் வரைவு என் பையில் இருக்கிறது. வழக்கறிஞரிடம் காட்டவேண்டும் என்று அவர் ஒரு நகல் கேட்டு எடுத்துப் போயிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை. தலைமையாசிரியர் பிரதோஷந்தோறும் வந்து தம் தூணருகே அமர்கிறார். பத்திரத்தைப் பற்றி நானும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. போன முறை, அலங்காரம் முடிந்து திரை விலகியபோது, எழுந்திருக்கக் கை நீட்டினார். பிடித்துத் தூக்கிவிட்டேன்.